சூரியப் படங்களுக்கு ஏற்ற தரவுத்தளம் எது?

பழனி மலைச் சரிவுகளில் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சூரியனுக்கும் ஏறத்தாழ அப்படி ஒரு பருவம் உண்டு. அதன் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிப் பின் குறைகின்றன. குறிஞ்சிக்கும் கரும்புள்ளிக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் இரண்டையும் ஆராய்பவருக்கு ஒரே தொல்லைதான். முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரியும் ஒரு விஞ்ஞானி மூன்று சூரியச் சுழற்சிகளைத்தான் காண முடியும். மூன்றே முறை நடந்ததை வைத்து ஒரு விதியை வகுத்துவிட முடியுமா?

முடியாது. ஆகவே ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர வேண்டும். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளும் பத்திரமாக இருக்க வேண்டும். அவற்றை இன்று கணிப்பொறியில் எப்படி வைப்பது, அதற்கு எத்தகைய தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்தக் கட்டுரையில் ஒரு கணக்குப் பயிற்சியாகக் காண்போம்.

மலைமேல் ஒரு நூற்றாண்டு

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் உள்ளது. இது நிறுவப்பட்ட ஆண்டு 1899. அதற்கு முன் 1876–78இல் தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அந்தப் பஞ்சத்திற்குப் பின் வலுத்தது. சூரியனை நாள்தோறும் கவனிக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற எண்ணம் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆய்வகத்தின் முதல் இயக்குநர் மிச்சி ஸ்மித். அவருக்குப் பின் வந்த ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் இங்கேதான் கண்டறிந்தார்.

1904 முதல் இங்கு வானம் தெளிந்த நாள்களில் சூரியனைக் கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் படம் எடுத்து வந்தார்கள். அதோடு நிற்கவில்லை. அட்சக் கோடுகளும் தீர்க்கக் கோடுகளும் அச்சிட்ட தாளில், கரும்புள்ளி, ஒளித்திட்டு, இழை, விளிம்பில் எழும் சுடர்நாக்கு ஆகியவற்றைக் கையாலேயே வெவ்வேறு வண்ணங்களில் வரைந்தும் வைத்தார்கள். இவை சூரிய வரைபடங்கள். ஒரு பொறியாளர் இயந்திரத்தின் பாகங்களை வரைந்து வைப்பதைப் போல, சூரியனின் ஒவ்வொரு நாள் நிலையையும் வரைந்து வைத்தார்கள் எனலாம்.

பிற்காலத்தில் இந்தத் தகடுகளும் தாள்களும் கணிப்பொறிப் படங்களாக மாற்றப்பட்டன. அதனால் விளைந்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 19, 20ஆம் சூரியச் சுழற்சிகளின் வரைபடங்களிலிருந்து, வண்ணத்தை அடையாளமாகக் கொண்டு, இழைகளைக் கணிப்பொறியே பிரித்தெடுத்த ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அந்த முடிவுகளைத் தகடுகளிலிருந்து கிடைத்த முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் நன்கு ஒத்திருந்தன. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் வண்ணப் பென்சிலைப் பிடித்த கை, இன்றைய கணிப்பொறிக்கு விடை சொல்கிறது!

படம் வேறு, குறிப்பு வேறு

இப்போது நம் பயிற்சிக்கு வருவோம். நூறு ஆண்டுப் படங்கள் உங்கள் பொறுப்பில் வந்துள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படி அடுக்குவீர்கள்?

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தை நினைத்துப் பாருங்கள். புத்தகங்கள் அலமாரியில் இருக்கும். ஒவ்வொரு புத்தகத்தின் பெயரும், ஆசிரியரும், அலமாரி எண்ணும் ஒரு சிறு அட்டையிலோ பதிவேட்டிலோ இருக்கும். புத்தகம் முழுவதையும் அட்டையில் யாரும் எழுதுவதில்லை.

இங்கும் அப்படியே. சூரியப் படம் ஒரு கோப்பு. அது எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்தக் கருவியால் எடுக்கப்பட்டது, அன்று வானம் எப்படி இருந்தது, கோப்பு எந்த வட்டில் உள்ளது என்பவை குறிப்புகள். இந்தக் குறிப்புகளை வரிசையும் பத்தியுமான அட்டவணைகளில் ஒழுங்காக வைத்து, கேட்டதும் எடுத்துத் தரும் மென்பொருளைத்தான் தரவுத்தளம், அதாவது டேட்டாபேஸ் என்கிறோம். அட்டவணைகளைக் கொண்டு தரவுகளை ஆளும் முறையை 1970இல் எட்கர் காட் என்பவர் வகுத்தார். பலர் ஒரே நேரத்தில் வலையிணைப்பு வழியே கேட்கும் கேள்விகளுக்கு விடை தருமாறு ஒரு கணிப்பொறியில் ஓயாமல் இயங்கும் தரவுத்தளம், தரவுத்தளச் சர்வர் ஆகும்.

ஒரு நாள் தவறினால் என்ன?

குறிப்பு சிறியதுதானே, படம் அல்லவா முக்கியம் என்று நினைக்கிறீர்களா? ஒரு கணக்குப் போடுவோம்.

பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒரு முறை சுற்றச் சராசரியாக 27 நாள்கள் ஆகின்றன. ஆகவே ஒரு நாளில் அது திரும்பும் கோணம் 360 ÷ 27, அதாவது சுமார் 13.3 பாகை. சூரியனின் ஆரம் ஏறத்தாழ 6,96,000 கி.மீ. எனவே அதன் நடுக்கோட்டில் ஒரு பாகை என்பது சுமார் 12,150 கி.மீ. தேதியை ஒரு நாள் தவறாகப் பதிந்துவிட்டால், கரும்புள்ளியின் இடம் 13.3 × 12,150, அதாவது 1,60,000 கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும். பன்னிரண்டு பூமிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தூரம் அது!

நேரத்திலும் இதே ஆபத்து உண்டு. இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் 1906ஆம் ஆண்டு முதலே வந்தது. அதற்கு முன் வழங்கிய சென்னை நேரம் இன்றைய இந்திய நேரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்தங்கியது. இந்திய நேரமோ கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. ஆகவே ஒரு பழைய குறிப்பில் "காலை 8–30" என்று மட்டும் இருந்தால் அது எந்த ஊர் 8–30 என்று கேட்க வேண்டும். இந்திய நேரத்தைக் கிரீன்விச் நேரம் என்று எடுத்துக்கொண்டால் 3 பாகை, அதாவது 37,000 கி.மீ. பிழை வரும். எனவே நம் அட்டவணையில் "நேரம்" என்ற பத்திக்குப் பக்கத்தில் "எந்த நேரம்" என்றும் ஒரு பத்தி வேண்டும்.

படம் பழுதானால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். குறிப்பு பழுதானால் தெரியாது. படம் அழகாகவே இருக்கும். முடிவு மட்டும் தவறாகும். அந்த நாளின் சூரியனை மீண்டும் படம் எடுக்க யாராலும் முடியாது.

பதிப்பு என்றால் என்ன?

தரவுத்தள மென்பொருளை வாங்கப் போனால் ஒரே பெயரில் பல பதிப்புகள் இருப்பதைக் காணலாம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எஸ்.க்யூ.எல். சர்வரை எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு வெளியீட்டில் முக்கியமான பதிப்புகள் இவை:

எக்ஸ்பிரஸ் – இலவசம். ஒரு தரவுத்தளத்தின் அளவு 10 ஜிகாபைட்டைத் தாண்டக்கூடாது. தரவுகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ள 1,410 மெகாபைட் வரைதான் பயன்படுத்தும். செயலியில் அதிகம் போனால் நான்கு கருக்கள்.

ஸ்டாண்டர்டு – விலை உண்டு. நினைவகம் 128 ஜிகாபைட் வரை. கருக்கள் 24 வரை.

என்டர்பிரைஸ் – விலை மிக அதிகம். கணிப்பொறி எவ்வளவு தாங்குமோ அவ்வளவும் பயன்படுத்தலாம்.

டெவலப்பர் – இலவசம்; என்டர்பிரைஸ் பதிப்பின் எல்லா வசதிகளும் உண்டு. ஆனால் உருவாக்கிப் பார்க்கவும் சோதிக்கவும் மட்டுமே உரிமம். அன்றாட அலுவலுக்குப் பயன்படுத்தினால் உரிமத்தை மீறியதாகும்.

இவற்றுக்குள் இருக்கும் இயந்திரம் ஒன்றுதான். எல்லைகளும் வசதிகளுமே வேறுபடுகின்றன. பதிப்புகளே இல்லாத மென்பொருளும் உண்டு. 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரெஸ்-எஸ்.க்யூ.எல். முழுவதும் இலவசம், அதன் மூல நிரலையே யாரும் படிக்கலாம். அதில் ஓர் அட்டவணை 32 டெராபைட் வரை வளரலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? "பெரியதை வாங்கிவிட்டால் கவலையில்லை" என்பார் ஒருவர். "இலவசம் இருக்கக் காசு ஏன்?" என்பார் மற்றொருவர். இருவரும் கணக்குப் போடவில்லை. நாம் போடுவோம்.

320 படங்களா, இரண்டு கோடிக் குறிப்புகளா?

கொடைக்கானல் தகடுகளைக் கணிப்பொறிப் படமாக்கியபோது ஒரு படத்தில் பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் இருந்தன. ஒரு புள்ளியின் ஒளியளவைக் குறிக்க 16 பிட், அதாவது 2 பைட். எனவே ஒரு படத்தின் அளவு:

4,096 × 4,096 × 2 = 3,35,54,432 பைட்.

ஒரு மெகாபைட் என்பது 1,024 × 1,024 பைட். ஆகவே இது சரியாக 32 மெகாபைட்.

முதல் வழி: படத்தையும் தரவுத்தளத்தின் அட்டவணைக்குள்ளேயே திணிப்பது. 10 ஜிகாபைட் என்பது 10,240 மெகாபைட். அதை 32ஆல் வகுத்தால் 320. நாளுக்கு ஒரு படம் என்றாலும் ஓர் ஆண்டு முடிவதற்குள் இலவசப் பதிப்பு நிரம்பிவிடும்! 2025ஆம் ஆண்டு வெளியீட்டில் எக்ஸ்பிரஸ் எல்லை 50 ஜிகாபைட்டாக உயர்ந்தது. அப்போதும் 1,600 படங்கள்தான். நாலரை ஆண்டுக்கும் குறைவு. நூறு ஆண்டுக்கு 36,500 படங்கள் என்று கொண்டால் 1.1 டெராபைட்டுக்கு மேல் வேண்டும்.

இரண்டாம் வழி: படங்களைக் கோப்புகளாக வட்டில் வைத்து, குறிப்புகளை மட்டும் தரவுத்தளத்தில் வைப்பது. ஒரு குறிப்புக்குத் தாராளமாக 500 பைட் ஒதுக்குவோம். நாளுக்குப் பத்துப் படங்கள் என்றாலும் நூறு ஆண்டுக்கு 3,65,000 குறிப்புகள். அவற்றின் மொத்த அளவு 18 கோடியே 25 லட்சம் பைட். அதாவது 174 மெகாபைட். விரைந்து தேட உதவும் சுட்டு அட்டவணைகளையும் சேர்த்து இரு மடங்காக்கினாலும் 350 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். 10 ஜிகாபைட்டில் இத்தகைய குறிப்புகள் இரண்டு கோடிக்கு மேல் கொள்ளும். அது மட்டுமா? இலவசப் பதிப்பின் 1,410 மெகாபைட் நினைவகத்திலேயே நம் குறிப்புகள் முழுவதும் உட்கார்ந்துவிடும்.

பார்த்தீர்களா? மென்பொருள் ஒன்றுதான், எல்லையும் ஒன்றுதான். அடுக்கும் முறை மாறியதும் ஓர் ஆண்டுக்குப் போதாத பதிப்பு நூற்றாண்டுக்குப் போதுமானதாகிவிட்டது.

தேடுவது எப்படி?

மூன்றரை லட்சம் குறிப்புகளில் ஒன்றைத் தேட இலவசப் பதிப்பு திணறாதா என்று கேட்பீர்கள். அகராதியில் சொல் தேடுவதை நினைத்துப் பாருங்கள். நடுவில் திறந்து, தேடும் சொல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்த்துப் பாதியைத் தள்ளுகிறோம். தேதி வரிசையில் அடுக்கிய 3,65,000 குறிப்புகளை இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்தால், 19 தடவைக்குள் ஒன்றில் வந்து நிற்போம்; ஏனெனில் 2ஐ 19 தடவை பெருக்கினால் 5,24,288. தரவுத்தளம் இதைவிடவும் சாமர்த்தியமானது. அதன் சுட்டு அட்டவணை ஒரு மரம் போலக் கிளைக்கிறது. ஒரு கணுவிலிருந்து நூறு கிளைகள் பிரிந்தால் மூன்றே படிகளில் பத்து லட்சம் குறிப்புகளை எட்டலாம்.

பொறியியல் வரைபடங்கள் வேறு வகை

இதே கணக்கைக் கோவையில் பம்பு செய்யும் ஒரு தொழிற்கூடத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். அங்கும் ஆயிரக்கணக்கான வரைபடங்கள் உண்டு. ஆனால் ஒரு பெரிய வேற்றுமை. 1954ஆம் ஆண்டு சூரிய வரைபடத்தை இன்று யாரும் திருத்தப்போவதில்லை. பம்பின் சுழலியோ ஆண்டுதோறும் மாறலாம். வரைபடம் எண் 105, திருத்தம் ‘ஏ’. பிறகு திருத்தம் ‘பி’. வார்ப்படக்காரர் ‘ஏ’யைப் பார்த்து வார்க்க, கடைசல்காரர் ‘பி’யைப் பார்த்துக் கடைந்தால் பாகம் பொருந்தாது. இரும்பும் உழைப்பும் வீண்.

ஆகவே பொறியியல் வரைபடத் தரவுத்தளத்துக்கு மூன்று கூடுதல் கடமைகள் உண்டு. ஒருவர் ஒரு வரைபடத்தைத் திருத்த எடுத்தால், அவர் திருப்பித் தரும்வரை மற்றவர் கைவைக்காதபடி பூட்ட வேண்டும். பழைய திருத்தத்தை அழிக்காமல், ‘இது வழக்கில் இல்லை’ என்று குறித்து வைக்க வேண்டும். யார், எப்போது ஒப்புதல் தந்தார் என்பதும் பதிவாக வேண்டும். இவற்றை இலவசப் பதிப்பிலும் செய்யலாம்; வரைபடங்களை ஆளும் மென்பொருளை அதற்கேற்ப எழுத வேண்டும், அவ்வளவே.

அப்படியானால் காசு கொடுத்து எப்போது வாங்குவது? மூன்று சூழ்நிலைகளில். ஒன்று, குறிப்புகளே எல்லையைத் தாண்டும்போது. இரண்டு, நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பயன்படுத்தி நான்கு கருக்களும் சிறு நினைவகமும் திணறும்போது. மூன்று, ஒரு சர்வர் நின்றால் மற்றொன்று உடனே பொறுப்பேற்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்போது. இந்த மூன்றாவது வசதி எஸ்.க்யூ.எல். சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பில் இல்லை, ஸ்டாண்டர்டில் உண்டு. தொழிற்கூடத்தில் ஒரு மணி நேரம் சர்வர் நின்றால் என்ன நட்டம் என்று கணக்கிட்டு, அதைப் பதிப்பின் விலையோடு ஒப்பிட்டால் விடை தானே வரும். சூரிய வரைபடங்களுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கலாம்; நட்டமில்லை.

மாறாக, ஒருவர் மட்டும் பயன்படுத்தும் சிறு தொகுப்புக்குச் சர்வரே வேண்டாம். எஸ்.க்யூ.லைட் போன்ற, ஒரே கோப்பில் அடங்கும் இலவசத் தரவுத்தளம் போதும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்துப் பொருள் பட்டியலை அதில் தொடங்கலாம்.

பிரதி எடுக்க மறவாதீர்

படத்தையும் குறிப்பையும் பிரித்து வைப்பதில் ஓர் அபாயம் உண்டு. கோப்பு இடம் மாறினாலோ அழிந்தாலோ, குறிப்பு மட்டும் அநாதையாக நிற்கும். இதற்கு இரண்டு காவல்கள். முதலாவது, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ‘விரல்ரேகை’. கோப்பின் எல்லா பைட்டுகளையும் ஒரு கணித முறையில் பிசைந்து 64 குறிகள் கொண்ட ஒரு சரத்தைப் பெறலாம். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் சரம் மாறிவிடும். அதைக் குறிப்போடு சேர்த்து வைத்தால், கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

இரண்டாவது காவல் பிரதி. குறிப்பு, படம் இரண்டுக்கும் பிரதி எடுத்து, ஒன்றை மலையிலும் ஒன்றைச் சமவெளியிலும் வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் தானே பிரதி எடுக்கும் பணியாள் நிரல் எக்ஸ்பிரஸ் பதிப்பில் கிடையாது. அதை வேறு வழியில், கணிப்பொறியின் இயக்க முறைமையைக் கொண்டு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இலவசம் என்று எடுத்துக்கொண்டு இதை மறந்தவர், மின்னல் தாக்கிய மறுநாள் வருந்துவார்.

தரவுத்தளம் மாறும், குறிப்பு நிலைக்கும்

கடைசியாக ஒரு கேள்வி. நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் எத்தனை நாள் உயிரோடிருக்கும்? எஸ்.க்யூ.எல். சர்வரின் 2012ஆம் ஆண்டு வெளியீட்டுக்கு நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2022இல் முடிந்துவிட்டது. பத்து ஆண்டுகள்; ஒரு சூரியச் சுழற்சிக்கும் குறைவு! நூறு ஆண்டுத் தொகுப்பு ஒன்று, தன் வாழ்நாளில் பத்துத் தரவுத்தளங்களையாவது மாற்றிக் குடிபுக வேண்டியிருக்கும்.

எனவே தேர்ந்தெடுக்கும் முன் "உள்ளே எப்படி வைப்பது?" என்பதோடு "வெளியே எப்படி எடுப்பது?" என்றும் கேட்க வேண்டும். குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாக எடுக்க முடியுமா? படங்கள் எல்லோரும் அறிந்த வடிவத்தில் உள்ளனவா? வானியலார் 1981 முதல் வழங்கிவரும் ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவம் இதற்கு நல்ல முன்மாதிரி. அதில் படத்தின் தலைப்பிலேயே தேதி, நேரம், கருவி ஆகியவை சாதாரண எழுத்துகளில் இருக்கும். தரவுத்தளம் முழுதும் அழிந்தாலும் படங்களைக் கொண்டே அட்டவணையை மீண்டும் கட்டிவிடலாம்.

1904ஆம் ஆண்டுக் கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இன்றும் சூரியன் தெரியும். அதற்கு எந்தப் பதிப்பும், உரிமமும் தேவையில்லை. கணிப்பொறியில் நாம் வைக்கும் படமும் குறிப்பும் நூறு ஆண்டு கழித்துப் பிறப்பவருக்கு அதே போலப் புலப்பட வேண்டும். பதிப்பைத் தேர்ந்தெடுப்பது சிறு கணக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுப்பதே அறிவியல்.

செய்து பாருங்கள்

1. ஒரு தொழிற்கூடத்தில் 6,000 வரைபடங்கள். ஒவ்வொன்றுக்கும் 4 திருத்தங்கள். ஒரு கோப்பு 3 மெகாபைட். எல்லாவற்றையும் தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்தால் 50 ஜிகாபைட் எல்லைக்குள் அடங்குமா?

2. ஒரு கரும்புள்ளி, சூரியச் சுழற்சியால் 20 பாகை நகர்ந்துள்ளது. இரண்டு படங்களுக்கும் இடையே எவ்வளவு காலம் சென்றிருக்கும்?

3. பத்து லட்சம் குறிப்புகளைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேட அதிகபட்சம் எத்தனை தடவை வேண்டும்?

விடைகள்: 1. அடங்காது, 72,000 மெகாபைட், அதாவது சுமார் 70 ஜிகாபைட் தேவை. 2. ஒன்றரை நாள். 3. 20 தடவை.